நீங்கள் ஒட்டிய வால்பேப்பரை உரித்துவிட்டேன், அப்பா

எங்கே போனாலும் சொல்லிக்கொண்டு போகிற, அந்த ஒரு தடவை மட்டும் சொல்லாமல் போய்விட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாத வண்ணார்பேட்டை வீட்டிலிருந்து சங்கரி எழுதுகிறேன். வெளியே மழை தூறுகிறது. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா உள்ளறையில் தூங்குகிறாள். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று இரண்டு வரிக்கு ஒருமுறை பேனாவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறேன். இப்படித்தான் போகிறது என் பொழுது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அறையில் நீங்கள் ஒட்டியிருந்த வால்பேப்பரை நான் உரித்துவிட்டேன். கோபப்படாதீர்கள். கோபப்படுகிற முறை இப்போது என்னுடையது.

நீங்கள் எங்களை விட்டுப் போன ஆடி மாதம், காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய மறுநாள், அம்மா அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா? உங்க அம்மா தேட மாட்டாளா?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

போனில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி. வயசாச்சுல்லா." அவ்வளவுதானே? நான் சென்னையிலும் தம்பி சிவா பெங்களூரிலும் அந்த ஒரு வரியை நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தார்கள். பெட்டியோடு வந்து சேர்ந்தேன். டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய், அது ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும் என்றார் அந்த டாக்டரம்மா. 'வருஷக்கணக்கில்' என்ற சொல்லை நான் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அந்த வால்பேப்பர்தான் அம்மாவை முதலில் பாடாய்ப் படுத்தியது. வெளிர்நிறத் தாளில் நீலப்பூ, பூவுக்கு நடுவில் கறுப்பு வட்டம். "கண்ணு கண்ணாப் பாக்குது சங்கரி. விளக்க அணைச்சாலும் பாக்குது" என்பாள், என் பெயர் நினைவிருக்கும் நாட்களில். சேலை மாற்றும்போது சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்புவாள். திரும்பின பக்கமும் சுவர், அதிலும் பூ. எந்தப் பக்கம் நின்று மாற்றுவது என்று தெரியாமல் சேலையை நெஞ்சோடு அள்ளிப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

டாக்டரிடம் சொன்னபோது, "படம் போட்ட சுவர் இவங்களுக்கு ஆகாது. ஒரே நிறமா, வெறும் சுவரா வைங்க" என்றார். பெயிண்டர் ஒருவரை வரச் சொன்னேன். அவர் வாசல்படி ஏறியதுமே அம்மா "கள்ளன், கள்ளன்" என்று தெருவே கூடும்படி கத்தினாள். பாவம், அந்த மனிதர் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் இறங்கிப் போனார். அதனால் நானே செய்வதென்று முடிவெடுத்தேன். வெள்ளையடிக்கிற மட்டையைக்கூடப் பிடித்தறியாத நான்.

உரிப்பது பெரிய கஷ்டமாக இல்லை. வெந்நீரில் ஸ்பாஞ்சை முக்கித் தாளை நன்றாக நனைத்து, ஊறவிட்டு, ஓரத்தில் தகட்டைக் கொடுத்து நெம்பினால் வாழைப்பட்டை மாதிரி நீளநீளமாக வந்தது. மூன்று சுவரும் அப்படித்தான். உள்ளே பழைய பச்சைச் சுவர், அதன்மேல் பழுப்பாய்ப் பசை. அம்மா கூடத்தில் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலாவது, கட்டிலை ஒட்டின சுவர். தாளின் மேல் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பொலபொலவென்று மணல் கொட்டியது. கூடவே ஒரு அட்டை விழுந்தது. அதன் பின்னாலிருந்து சுருட்டித் திணித்த செய்தித்தாள் பந்துபந்தாய் வந்தது. எல்லாம் விழுந்து முடிந்தபிறகு பார்த்தேன். சுவரில் குழி. என் முஷ்டி உள்ளே போகிற அளவுக்கு. செங்கல் தெரிந்தது.

ஒரு குழி இல்லை அப்பா. படுத்தால் கை எட்டுகிற உயரத்திலிருந்து, நின்றால் தோள் எட்டுகிற உயரம்வரைக்கும் சுவர் முழுக்கக் காயம். பூச்சு பெயர்ந்து, கீறல் கீறலாய், பள்ளம் பள்ளமாய். பெருச்சாளி என்று நினைத்தேன். பெருச்சாளி இத்தனை உயரம் ஏறுமா? சில கீறல்கள் நாலு நாலாகச் சேர்ந்து, வரிவரியாக இறங்கின. என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தின. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், கதவருகில் அம்மா. கையில் காப்பி கலக்கின கரண்டி. என்னை ஒதுக்கிவிட்டு நேராக அந்தப் பெரிய குழிக்கு முன்னால் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். வழி தெரிந்தவள் மாதிரிப் போனாள்.

"தள்ளு. இன்னும் கொஞ்சந்தான் கெடக்கு" என்றாள்.

"என்னம்மா செய்யுத?"

"அந்தப் பக்கம் வாசல் இருக்குல்லா. யாரோ அடைச்சுப் போட்டானுவ." கரண்டியால் தோண்ட ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், அரிசி களைகிற நிதானத்தோடு தோண்டினாள்.

கரண்டியைப் பிடுங்கவும் பயம், விடவும் பயம். "வாம்மா, வாம்மா" என்று கெஞ்சித் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கே அவள் விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டேன்.

ஒரு பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது அம்மாவின் விரல்களில் துணி சுற்றியிருந்தது நினைவிருக்கிறதா? கேட்டதற்கு, "தேங்கா திருவுதப்ப திருவலப் பல்லு பட்டுட்டு" என்றீர்கள். இரண்டு கையிலுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வருஷம்தான், "ரூமை அழகு பண்ணுதேன்" என்று வால்பேப்பர் ஒட்டினதாகப் போனில் சொன்னீர்கள். "அப்பாவுக்குப் புது மாப்பிள்ளைன்னு நெனப்பு" என்று நானும் சிவாவும் கேலி செய்தோம். நீங்களும் சிரித்தீர்கள்.

எப்படி அப்பா சிரித்தீர்கள்? அந்த வயதில் ஸ்டூலில் ஏறி, ஒற்றை ஆளாய் அந்தப் பூக்களை ஒட்டும்போது யார் தாளைப் பிடித்துக்கொண்டார்கள்? அம்மா தோண்டும்போது பக்கத்தில் படுத்திருந்தீர்களா, இல்லை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களா? பயமாக இருக்கவில்லையா உங்களுக்கு? எனக்கு அந்தக் குழியைவிட நீங்கள் அதை மூடிவைத்திருந்த விதம்தான் பயமாக இருந்தது. எவ்வளவு நேர்த்தி! பூவோடு பூ பொருந்தும்படி ஒட்டியிருந்தீர்கள். கை வைத்துத் தடவினாலும் தெரியாது.

சிவாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நானும் உங்கள் மாதிரியே இருந்துவிட்டேன். சீக்கிரம் பூசி மெழுகிவிட்டால் போதும், சுவர் சுவராகிவிடும் என்று நினைத்தேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அம்மா பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நிற்பாள். "வாசலுக்குப் போவ இன்னொரு வாசலா?" என்று கேட்பாள்.

பசையைக் கழுவாமல், சுவரைச் சமப்படுத்துகிற பட்டியைப் பூசக்கூடாதென்று எனக்குத் தெரியாது. குழிகளில் அவசர அவசரமாகப் பட்டி மாவை அப்பி, மேலே ஒரு பூச்சும் இழுத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் சுவர் முழுக்கக் கொப்புளம். அப்பளம் மாதிரி உப்பி, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஆழக்குழியில் அப்பினது சுருங்கி நடுவில் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாக யாரோ பார்க்கிற மாதிரி எனக்கே தோன்றியது. அம்மா சொன்ன கண்கள் எனக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டனவா? கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பசை இருந்தா எதுவும் நிக்காது தாயி. முழுக்கச் சொரண்டி, வெந்நி வச்சுக் கழுவி, நல்லாக் காயப் போடுங்க. ஆழமான குழிக்கு சிமெண்ட்டு மணலு வச்சு அடைச்சிட்டு அப்புறம் பட்டி பாருங்க" என்றார். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "வேற?" என்றார்.

வேறு ஒன்று வேண்டும். எனக்கு அதன் பெயர் வரவில்லை. கண் முன்னால் தெரிகிறது, சொரசொரவென்று விரலில்கூடப் படுகிறது. பெயர் மட்டும் இல்லை. "அது... தேய்ப்பாங்கல்லா... தாள் மாதிரி..." என்று கையால் காட்டினேன்.

"உப்புத்தாளா?"

"ஆமா, உப்புத்தாள்."

அவர் எடுத்துக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குக் கடைப்படியில் உட்கார வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? ஒரு சொல், பிறகு ஒரு ஆள், பிறகு வாசல்? இதையெல்லாம் கேட்க நீங்கள் ஒருவர்தானே இருந்தீர்கள்? வீடு வரும்வரைக்கும் தெருவில் கண்டதன் பெயரையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆட்டோ, வாழைத்தார், டிரான்ஸ்பார்மர், பூக்காரம்மா.

அப்புறம் பொறுமையாகவே செய்தேன். அம்மா தூங்குகிற நேரத்தில் மட்டும் வேலை. உப்பினதையெல்லாம் சுரண்டி எடுத்தேன். பசை போகப் போகத் தண்ணீர் மாற்றிக் கழுவினேன். விரலால் தொட்டால் பிசுபிசுக்காத வரைக்கும் கழுவினேன். காற்றாடியைப் போட்டுக் காயவிட்டு, குழிகளை அடைத்து, அது இறுகினபிறகு பட்டி மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. சுவர் பைய ஆறிக்கொண்டு வந்தது. அதைத் தேய்த்து மட்டம் செய்வதுதான் பாக்கி.

தேய்த்த அன்றைக்குத்தான் அது நடந்தது.

மத்தியானம். அம்மா கூடத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள். தூசி அவளுக்கு ஆகாதே என்று ஜன்னலையெல்லாம் திறந்து, வெளிவாசல் கதவையும் திறந்துவைத்தேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தேய்த்தேன். அறை முழுக்க வெள்ளைப் புகை. தலை, புருவம், கை எல்லாம் வெள்ளை. தண்ணீர் குடிக்க அப்படியே கூடத்துக்கு வந்தேன்.

அம்மா கண்ணைத் திறந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் பயத்தில் கோணிப்போனது, அப்பா. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் "அம்மா, நாந்தாம்மா" என்று ஒரு அடி முன்னால் வைத்ததும் வீறிட்டாள். இந்த முட்டுவலியோடு அவள் அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. வாசலைத் தாண்டிவிட்டாள். நான் துரத்தினால் இன்னும் ஓடுவாளே என்று ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடிதான். தெருவுக்கு வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

எனக்கு முதலில் தோன்றியது ஆறு. நம் தெரு முனையில் திரும்பினால் படித்துறைதானே. செருப்பில்லாமல் ஓடினேன். தண்ணீர் மேல்படி வரைக்கும் ஏறி, சுழித்துச் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார். "இங்கன ஒரு வயசான அம்மா வந்தாவளா?" என்றேன். "இல்லையேம்மா. யாரும் வரலியே" என்றார். அவர் பார்க்காத நேரத்தில் வந்திருந்தால்? தண்ணீரில் ஏதோ நீலமாய்ப் போனது. அம்மா நீலச்சேலை கட்டியிருந்தாளா? எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பெற்ற தாய் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று எனக்கு நினைவில்லை. அங்கேயே நின்று "அம்மா" என்று கத்தினேன். போனது ஒரு பிளாஸ்டிக் சாக்கு.

அதற்குள் பக்கத்து வீட்டு லட்சுமி மதினி தெரு முனையிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "சங்கரி, அங்கன போவாத! அத்தை பஸ் ஸ்டாப்புல இருக்காவ!"

மெயின் ரோட்டை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தது மட்டும் கேட்டது. நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. பக்கத்தில் பர்தா போட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அம்மா மறுபடி நடுங்கி, அந்தப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பதறாதீங்கக்கா. எங்கயும் போக மாட்டாங்க, நான் புடிச்சிருக்கேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு மெதுவாக, "உங்களப் பாத்துத்தான் பயப்படுதாங்க. அந்தா டீக்கடையில குழாய் இருக்கு. மொகத்தக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன்.

டீக்கடைக் குழாயடியில் குனிந்து, அத்தனை பேர் பார்க்க, முகத்தையும் தலையையும் கழுவினேன். பட்டி மாவு தண்ணீர் பட்டதும் களியாகி மயிரில் ஒட்டிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. டீக்கடைக்காரர் ஒரு துண்டை நீட்டினார். கழுவின பிறகாவது அம்மாவுக்கு என்னைத் தெரியுமா? தெரியாவிட்டால் அந்தப் பெஞ்சிலிருந்து யாராக அவளைக் கூட்டிப்போவேன்? முகத்தைத் துடைத்துவிட்டும் திரும்பாமல் நின்றேன். திரும்பத் தைரியம் வரவில்லை.

திரும்பினேன். அம்மா என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "ஏட்டி, நனைஞ்சிருக்க. மழையா?" என்றாள்.

"ஆமாம்மா. மழை."

"இந்தப் பிள்ளைட்ட கேட்டேன், எங்க ஊருக்கு, களக்காட்டுக்கு பஸ் எப்ப வரும்னு. உங்கப்பா வந்ததும் கிளம்பணும். அவ்வொதான் எங்க போனாவன்னு தெரியல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுடைய பஸ் வந்து, நின்று, போய்விட்டிருந்தது. பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள்.

அன்று சாயங்காலம் சிவா போன் செய்தான். மதினி மூலமாகச் சேதி போயிருந்தது. "அக்கா, இனி ஒன்னால முடியாதுக்கா. கோயம்புத்தூர்ல ஒரு இடம் பாத்துருக்கேன். நர்ஸ் இருக்கு, எல்லா எடத்துலயும் கேமரா இருக்கு. கொண்டு விட்டுருவோம்."

"கொண்டு விடுததுக்கு அம்மா என்ன பூனைக்குட்டியாலே?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவன் சொன்னது தப்பென்று அழவில்லை. சரியாக இருந்துவிடுமோ என்ற பயம். அடுத்த தடவை அந்தப் பெஞ்சில் அந்தப் பெண் இல்லாவிட்டால்?

போனை வைத்தபிறகுதான், சுவரை உரித்த அன்று எடுத்து வைத்திருந்த படத்தை அவனுக்கு அனுப்பினேன். அப்புறம் அழைத்தான்.

"இது எங்க எடுத்தது?"

"அம்மா ரூம்ல. வால்பேப்பருக்குப் பின்னால."

"எலியா?"

"இல்லலே. அம்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதாம்லே மூடிருக்காவ."

உங்கள் மகன் அழுததை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. உங்களுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தபோதுகூட அவன் வாய்விட்டு அழவில்லை. "ஒத்த வார்த்தை சொல்லலியேக்கா. சொல்லிருந்தா வந்துருக்க மாட்டனா?" என்று சொல்லிச் சொல்லி அழுதான். இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அப்பா.

அடுத்த ரயிலில் வந்து இறங்கினான். அம்மா அவனைப் பார்த்து எழுந்து நின்று, "வாங்க அண்ணாச்சி, இரிங்க. அவ்வொ வெளியில போயிருக்காவ" என்று நாற்காலியைக் காட்டினாள். சிவா "சரிம்மா, இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

மறுநாள் அம்மாவை மதினி தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். நானும் சிவாவும் மிச்சச் சுவரைத் தேய்த்தோம். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து எடுத்துவிட்டுப் பிரைமர் அடித்தோம். அது காய்கிற நேரத்தில் அவன் அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்தான். இடது கையை நீட்டினான். சுவரில் இடித்தது. மறுபடி நீட்டினான். சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, களக்காட்டு வீட்டுல அம்மா படுக்குத ரூமு ஞாபகம் இருக்கா? எனக்கு அம்மை போட்டப்ப அங்கனதான் அம்மா கூடப் படுத்துக் கெடந்தேன். எந்திரிச்சா இடது கைப் பக்கந்தானே வாசல்?"

எனக்கு அம்மா பிறந்த அந்த வீடு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அது விற்றுப்போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் அவன் சொன்னதும், இடது கைப் பக்கம் கதவும், கதவுக்கு வெளியே வெயிலும் தெரிந்தது. அவ்வளவுதான் அப்பா. அவள் கல்யாணத்துக்கு முன்னால் படுத்து எழுந்த அறையில் எழுந்துகொண்டிருக்கிறாள். கையை நீட்டினால் கதவு இல்லை.

கட்டிலை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தினோம். இப்போது படுத்தால் இடது கைக்கு நேரே அறையின் கதவு. சுவர் முழுக்க ஒரே சந்தன நிறம் அடித்தோம். பூ இல்லை, கோடு இல்லை. கதவு மட்டும் தனியாகத் தெரியட்டும் என்று அடர்த்தியான நீலம். வெளிவாசலுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். வேலை முடிந்த அன்று சுவரைத் தடவிப் பார்த்தேன். என் கைக்கு இன்னும் அந்தக் குழி இருந்த இடம் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியாது.

பெயிண்ட் வாடை போகிறவரைக்கும் காத்திருந்து அம்மாவை அங்கே படுக்க வைத்தோம். அன்றைக்கு நானும் சிவாவும் தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? விடிந்து, வெயில் ஜன்னலில் ஏறியபிறகு உள்ளே கட்டில் அசைகிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுரண்டுகிற சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். தலையை அள்ளி முடிந்துகொண்டே வந்தாள், எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டவள் மாதிரி.

திரும்பி அறையைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாரு வெள்ளையடிச்சா?"

"நாந்தாம்மா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் பட்டி மாவு இருந்தது. அதையும் பார்த்தாள். "பொம்பளப் பிள்ள இந்த வேலைக்கெல்லாம் வருதா இப்பம்! பாவம், ஒத்தையில செய்திருக்க. இரி. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்று அடுப்படிக்குப் போனாள். சிவா என் தோளில் கை வைத்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது, வேறு என்னென்னவோவும் வந்தது. அவள் ஒரு தட்டில் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு வந்தாள். உப்புகூட இல்லை. முழுக்கச் சாப்பிட்டேன்.

கோயம்புத்தூர்ப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம். முடிந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மாதத்தில் பாதி நாள் இங்கிருந்தே வேலை பார்க்க சிவா கேட்டிருக்கிறான். கிடைக்குமா தெரியாது. அம்மாவுக்கு இன்னும் எத்தனை கதவு மறக்கும் என்பதும் தெரியாது. என் பெயரை அவள் சொல்லிப் பல நாளாகிறது. ஏதாவது ஒரு சொல்லுக்கு நான் தடுமாறினால், கண்ணில் படுவதன் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பயம் போகவில்லை அப்பா. வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி அது பாட்டுக்கு இருக்கிறது.

நேற்று படுக்கை விரிப்பை மாற்றும்போது பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், புதுப் பெயிண்டில், மெல்லிசாக ஒரு நகக்கீறல். நீளம் என் சுண்டுவிரல்கூட இராது. என் கை தன்னால் பட்டி டப்பாவைத் தேடிப் போனது. ஒரு விரல் பட்டி, ஒரு தீற்றல் பெயிண்ட், யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் முதல் நாள் இவ்வளவுதான் இருந்திருக்கும், இல்லையா?

டப்பாவைத் திறக்கவில்லை. படம் எடுத்து சிவாவுக்கு அனுப்பினேன். கீழே, "பயமா இருக்குலே" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. "எனக்கும்க்கா. சனிக்கிழமை வாரேன். அதுவரைக்கும் போனைக் கையிலயே வச்சுக்க."

அம்மா எழுந்துவிட்டாள். கதவைத் தடவுகிற சத்தம் கேட்கிறது. நான் போக வேண்டும். உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்த வீட்டில் எனக்கு எது நேர்ந்தாலும், அம்மாவுக்கு எது நேர்ந்தாலும், அது நேர்ந்த அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுவேன். அழகாக ஒட்டி மறைக்க மாட்டேன். நீங்கள் தனியாகப் பட்ட பயத்தையும் சேர்த்து நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். நீங்கள் இனிமேல் நிம்மதியாகத் தூங்குங்கள்.

அம்மாவுக்கு வெள்ளையடிக்க வந்தவளும்
உங்களுக்கு மூத்த மகளுமான,
சங்கரி